எண்ணே ஒரு கலப்புக் கணக்கு: நான்காம், ஐந்தாம் வகுப்புத் திருப்புதலுக்கு ஒரு வழி

இடமதிப்புக்கு ஒரு நாள், கூட்டல் கழித்தலுக்கு ஒரு நாள், பெருக்கல் வகுத்தலுக்கு இரண்டு நாள், நேரம் மிஞ்சினால் கலப்புக் கணக்கு. நான்காம், ஐந்தாம் வகுப்புகளில் கணக்குத் திருப்புதல் பெரும்பாலும் இப்படித்தான் பிரிக்கப்படுகிறது. இந்தப் பிரிவினையே வேண்டாம் என்பது என் கட்சி. 345 என்ற எண்ணை விரித்து எழுதினால் 3×100 + 4×10 + 5. பெருக்கலும் கூட்டலும் கலந்த கணக்கு அது. பழைய தமிழ் எண்முறையில் ௩௱௪௰௫ என்று எழுதும்போது நூறும் பத்தும் தனிக் குறிகளாகக் கண்ணுக்கே தெரிந்தன. இப்போது நாம் எழுதும் முறையில் குறிகள் போய் இடம் மட்டும் நிற்கிறது. அந்த இடத்துக்குள் ஒரு பெருக்கல் ஒளிந்திருப்பது பிள்ளைக்குத் தெரியவேண்டும். அதனால் இடமதிப்பையும் செயல்களையும் ஒன்றாகவே திருப்ப வேண்டும்.

முதல் வேலை, எங்கே பிசகுகிறது என்று பார்ப்பது. “502-இல் 5-இன் இடமதிப்பு என்ன?” என்று கேட்பதில் பயனில்லை, “ஐந்நூறு” என்று வகுப்பே கோரஸாகச் சொல்லிவிடும். அதற்குப் பதில் மூன்றே கணக்கு கொடுங்கள்: 502−278, 34×26, 618÷6. மதிப்பெண் போடாமல் தவறான விடைகளை மட்டும் படியுங்கள். முதல் கணக்குக்கு 376, இரண்டாவதற்கு 272, மூன்றாவதற்கு 13 என்று வரும் தாள்கள் எந்த வகுப்பிலும் கிடைக்கும். வாய்பாடு சரியாகத் தெரியாததுதான் காரணம் என்று சிலர் சொல்வார்கள். 376 எழுதிய பிள்ளை 8−2, 7−0, 5−2 மூன்றையும் சரியாகவே செய்திருக்கிறது; ஒவ்வொரு இடத்திலும் பெரியதிலிருந்து சிறியதை எடுத்துவிட்டது, அவ்வளவுதான். 272-இலும் 34×6=204, 34×2=68 இரண்டும் சரி; அந்த 2 உண்மையில் 20 என்பதுதான் விட்டுப்போயிற்று. 13-இல் தொலைந்தது நடுவிலிருந்த பூஜ்யம். மூன்று வெவ்வேறு செயல்கள் என்றாலும் நோய் ஒன்றே: இலக்கத்தை இடத்திலிருந்து கழற்றிவிட்டுக் கணக்குப் போடுவது. வாய்பாட்டை இன்னும் பத்து முறை ஒப்பித்தால் இது தீராது.

அடுத்து, தாளில் வெட்டிய 100, 10, 1 ரூபாய்களை மட்டும் வைத்து 502−278-ஐச் செய்ய வைக்கலாம். 20, 50, 200 நோட்டுகள் வேண்டாம். பத்துப் பத்தாக ஏறும் கட்டமைப்பை அவை குலைத்துவிடும். பிள்ளை கையில் ஐந்து நூறும் இரண்டு ஒன்றும் இருக்கின்றன. 8 ரூபாய் கொடுக்க வேண்டும், சில்லறை இல்லை, பத்தும் இல்லை. ஒரு நூறைப் பத்துப் பத்துகளாக மாற்றி, அதில் ஒரு பத்தைப் பத்து ஒன்றுகளாக மாற்றினால் 4 நூறு, 9 பத்து, 12 ஒன்று. 278-ஐக் கொடுத்தபின் மிச்சம் 224. ஒவ்வொரு மாற்றத்தையும் அப்போதே நோட்டில் எழுதவேண்டும். பொருள் ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று விட்டால் இரண்டும் சேராது. “கடன் வாங்குதல்” என்பதைவிட “சில்லறை மாற்றுதல்” பொருத்தமான பேச்சு, ஏனென்றால் எதையும் திருப்பிக் கொடுப்பதில்லை. ஒரு பத்து ரூபாய் பத்து ஒன்றுகளுக்குச் சமம் என்பதே இன்னும் பிடிபடாத பிள்ளையும் இருக்கும். 16 என்று எழுதி, அதிலுள்ள 1 எதைக் குறிக்கிறது என்று வில்லைகளில் காட்டச் சொன்னால் ஒரே ஒரு வில்லையைக் காட்டும் சிறுவர்கள் ஏராளம் என்பதைக் கான்ஸ்டன்ஸ் கமீயின் ஆய்வுகள் எடுத்துக்காட்டின. அத்தகைய பிள்ளைக்கு ரூபாய்த் தாளுக்கு முன்னால், கட்டி அவிழ்க்கக்கூடிய குச்சிக் கட்டு வேண்டும்.

மூன்றாவதுதான் முக்கியமான படி. 3×100 + 4×10 + 5 என்று பலகையில் எழுதி, இடமிருந்து வலமாக அப்படியே செய்துபாருங்கள் என்று சொல்லுங்கள். 300, அதோடு 4 சேர்ந்து 304, பத்தால் பெருக்கினால் 3040, கடைசியில் 3045. விடை 345 என்பது பிள்ளைகளுக்கு முன்பே தெரியும். ஆகவே எதை முதலில் செய்யவேண்டும் என்ற விதியை நீங்கள் அறிவிக்கத் தேவையில்லை. பெருக்கல் முதலில் என்று அவர்களே சொல்வார்கள். செயல் வரிசைக்குப் போட்மாஸ் (BODMAS) என்று மனப்பாடம் செய்தாலே போதாதா என்று கேட்கலாம். போதாது. அதை எழுத்து வரிசையாகப் படித்த பிள்ளை 20−8+5-இல் கூட்டலை முதலில் செய்து 7 என்று எழுதும். இருபது ரூபாயில் எட்டைச் செலவழித்தபின் ஐந்து கிடைத்தால் 17 என்பதைக் கையிலுள்ள தாளே காட்டிவிடும். கூட்டலும் கழித்தலும் சமநிலை, வருகிற வரிசையில் செய்யவேண்டும் என்பதை அதன்பின் சொன்னால் ஏறும்.

எல்லாவற்றையும் கலந்து கொடுத்தால் மெதுவாகக் கற்கும் பிள்ளைகள் குழம்புவார்கள் என்ற ஆட்சேபம் நியாயமானது. பயிற்சி வேளையில் தவறுகள் கூடத்தான் செய்யும். ஆனால் நான்காம் வகுப்பு மாணவர்களை வைத்து டெய்லரும் ரோரரும் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், கலந்து பயின்றவர்கள் பயிற்சியில் பின்தங்கினாலும் மறுநாள் தேர்வில் ஏறக்குறைய இரு மடங்கு மதிப்பெண் பெற்றார்கள். அதற்காக ஒரு செயலைப் புதிதாகக் கற்பிக்கும் முதல் நாளே கலக்க வேண்டியதில்லை. ஆனால் திருப்புவது ஏற்கெனவே படித்ததைத்தானே, அங்கே கலக்கலாம். ஒரு வேளைக்கு ஆறு கணக்கு போதும், அடுத்தடுத்த இரண்டு கணக்குகள் ஒரே செயலாக இருக்கக்கூடாது. ஒவ்வொன்றையும் தொடங்குமுன் விடை எத்தனை இலக்கம் இருக்கும் என்று சொல்ல வையுங்கள். 618-இல் ஆறு நூறு இருக்கிறது, ஆறு பேருக்கு ஆளுக்கு ஒரு நூறு. விடை மூன்று இலக்கம் என்று சொல்லிவிட்ட பிள்ளை 13 என்று எழுதியதும் தானே நிற்கும்.

லட்சம் வந்ததும் ரூபாய்த் தாள் எடுபடாது. “நான்கு லட்சத்து முந்நூற்று ஐந்து” என்றால் காதில் விழுந்தபடி 400000305 என்று எழுதுவார்கள். 4,00,000 / 300 / 5 என்று மூன்று அட்டைகள் செய்து, வலது ஓரம் ஒட்ட ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் 4,00,305 தெரியும். பிறகு 4,00,000 அட்டையை மட்டும் வைத்து அதிலிருந்து 1-ஐக் கழிக்கச் சொல்லுங்கள். சில்லறை மாற்றுவது ஐந்து பூஜ்யங்களையும் கடந்து போகவேண்டும். ஒவ்வொரு இடத்திலும் ஏன் 9 நிற்கிறது என்று பிள்ளை வாய்விட்டுச் சொல்லும்வரை விடையை ஏற்காதீர்கள்.