சும்மா கிடக்கும் நிலமா?

மாணவர்களே, உங்கள் தாமானுக்குப் பின்னால் புல் மண்டிக் கிடக்கும் ஒரு நிலம் இருக்கலாம். மாலையில் பிள்ளைகள் அங்கே பந்து விளையாடுவார்கள். மழை பெய்தால் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும். "சும்மா கிடக்கிற இடம்தானே, வீடு கட்டினால் என்ன?" என்று பெரியவர்கள் பேசிக்கொள்வதைக் கேட்டிருப்பீர்கள். அந்த ஒரு சொல்லைத்தான் இந்த வாரம் ஆராயப் போகிறோம்: "சும்மா". ஒரு நிலம் சும்மா கிடக்கிறதா, இல்லையா என்பதை அறிவியல் எப்படிக் கண்டுபிடிக்கிறது?

இந்தக் கேள்வி ஒரு நகர மன்றத்தைப் பல ஆண்டுகள் உலுக்கியது. அந்த நகரம் கனடாவின் மேற்குக் கரையில், பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தில் இருக்கிறது. வான்கூவருக்குத் தெற்கே உள்ள அதன் பெயர் ரிச்மண்ட். பிரேசர் ஆறு கடலில் கலக்கும் இடத்தில், ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டல் மண்ணால் உருவான கழிமுகத் தீவுகளின்மேல் அமைந்த ஊர். தரை கடல்மட்டத்திலிருந்து சராசரியாக ஒரு மீட்டர் உயரம்தான். சுற்றிலும் அணைக்கரை எழுப்பி, உள்ளே சேரும் மழைநீரை இயந்திரங்களால் இறைத்து வெளியேற்றித்தான் மக்கள் அங்கே வாழ்கிறார்கள்.

அந்த நகரத்தின் மையப் பகுதியை ஒட்டி 55 ஹெக்டர் நிலம் இருக்கிறது. காற்பந்துத் திடல்களாகக் கணக்கிட்டால் எழுபத்தைந்துக்கும் மேல் வரும். "கார்டன் சிட்டி லேண்ட்ஸ்" என்று அழைக்கிறார்கள். பேரங்காடிகளும் அடுக்குமாடிகளும் எழுந்த இடத்துக்குப் பக்கத்திலேயே இவ்வளவு பெரிய நிலம் வெறுமனே கிடந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது துப்பாக்கி சுடும் பயிற்சித் திடல். பிறகு வானொலித் தகவல் தொடர்புக் கம்பங்கள் அங்கே நின்றன. பல பத்தாண்டுகளாக யாரும் அங்கே ஒரு கீரைகூடப் பயிரிடவில்லை. ஆனாலும் சட்டப்படி அது விவசாய நிலம்!

எப்படி? 1973இல் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. மலைகளும் காடுகளும் நிறைந்த அந்த மாநிலத்தில் பயிர் செய்யத் தகுந்த மண் மிகக் குறைவு. இருந்த நல்ல மண்ணிலும் ஆண்டுக்கு ஏறக்குறைய 6,000 ஹெக்டர் வீடுகளுக்கும் சாலைகளுக்கும் அடியில் போய்க்கொண்டிருந்தது. அதனால் மாநிலப் பரப்பில் சுமார் 5 விழுக்காட்டு நிலத்தை "விவசாய நில ஒதுக்கீடு" என்று கோடு போட்டுக் காத்தார்கள். அந்தக் கோட்டுக்குள் இருக்கும் நிலத்தை வெளியே எடுக்க வேண்டுமானால், நகர மன்றம் மட்டும் முடிவெடுத்தால் போதாது. மாநிலத்தின் விவசாய நில ஆணையம் ஒப்புக்கொள்ள வேண்டும். ரிச்மண்ட் நகரப் பரப்பில் ஏறக்குறைய 39 விழுக்காடு அந்தக் கோட்டுக்குள் இருக்கிறது. நம் 55 ஹெக்டரும் அதில் அடக்கம்.

2005இல் மத்திய அரசின் நில நிறுவனமும், அந்தப் பகுதியின் பூர்வகுடிகளான மஸ்குவீம் மக்களும், ரிச்மண்ட் நகர மன்றமும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். நிலத்தை விவசாய ஒதுக்கீட்டிலிருந்து விடுவித்துப் பாதியில் வீடுகளும் பிற கட்டடங்களும் எழுப்புவது, மறுபாதியை நகரத்தின் பொதுப் பயனுக்குக் கொடுப்பது என்பது திட்டம்.

மன்றத்தின் பக்கம் நியாயமே இல்லை என்று அவசரப்பட்டு நினைத்துவிடாதீர்கள். 2006 கணக்கெடுப்பில் ரிச்மண்டின் மக்கள்தொகை சுமார் 174,000. 2021இல் அது சுமார் 210,000. இத்தனை பேருக்கும் வீடு வேண்டும். விமான நிலையம் அருகிலேயே இருப்பதால் கட்டடங்களை இஷ்டத்துக்கு உயர்த்தவும் முடியாது. நகர மையத்துக்கு ரயில் வரவிருந்தது (2009இல் வந்தது). ரயில் நிலையத்துக்கு அருகே வீடு கட்டினால் மக்கள் காரை விட்டு ரயிலில் போவார்கள், புகை குறையும். இதுவும் சுற்றுச்சூழல் வாதம்தான். காலங்காலமாக வாழ்ந்த மண்ணில் தங்களுக்கு உரிய பங்கைக் கேட்ட மஸ்குவீம் மக்களின் நியாயமும் சேர்ந்திருந்தது. "யாரும் பயிரிடாத இடம்" என்ற வாதம் இவற்றுக்கெல்லாம் மேலே ஒரு முத்திரை போல உட்கார்ந்துகொண்டது.

ஆனால், யாரும் பயிரிடாத இடமும் பயிரிட முடியாத இடமும் ஒன்றல்ல. மண் அறிவியலில் இந்த வேறுபாடு மிக முக்கியம். நிலத்தின் இன்றைய பயன்பாடு ஒன்று. நிலத்தின் ஆற்றல் வேறொன்று. கனடாவில் மண்ணியலாளர்கள் நிலத்தை ஏழு வகுப்புகளாகப் பிரிக்கிறார்கள். முதல் வகுப்பு நிலத்தில் பயிர் செய்ய எந்தத் தடையும் இல்லை. எண் கூடக் கூடத் தடைகள் கூடும். ஏழாம் வகுப்பு நிலத்தில் விவசாயமே முடியாது. தடை என்ன என்பதையும் குறிப்பார்கள்: தண்ணீர் தேங்குகிறதா, சரிவு அதிகமா, கல் நிறைந்ததா, உப்பு ஏறியதா என்று. இதில் எனக்குப் பிடித்த நுட்பம் ஒன்று உண்டு. ஒரே நிலத்துக்கு இரண்டு மதிப்பெண் போடுவார்கள். இப்போதிருக்கும் நிலையில் எந்த வகுப்பு, வடிகால் வெட்டியோ நீர் பாய்ச்சியோ திருத்தினால் எந்த வகுப்பு என்று. தேர்வில் 40 மதிப்பெண் வாங்கிய மாணவனிடம், "நீ முயன்றால் 80 வாங்குவாய்" என்று ஆசிரியர் சொல்வதில்லையா, அப்படித்தான். தண்ணீர் தேங்குவது திருத்தக்கூடிய குறை. பாறையாக இருப்பது திருத்த முடியாத குறை.

கார்டன் சிட்டி லேண்ட்ஸ் நிலத்தின் மண் எத்தகையது? அது ஒரு பழைய சதுப்பின் மிச்சம். மேலே இருப்பது பீட் மண். மலாய்ப் பாடத்தில் "தானா கம்புட்" என்று படித்திருப்பீர்கள். நம் நாட்டிலும், குறிப்பாகச் சரவாக்கில், இரண்டு மில்லியன் ஹெக்டருக்கும் அதிகமாக இருக்கிறது. செடிகள் இறந்து தண்ணீருக்குள் விழுகின்றன. தண்ணீருக்குள் ஆக்சிஜன் மிகக் குறைவு என்பதால் நுண்ணுயிர்களால் அவற்றை முழுதாகச் சிதைக்க முடியவில்லை. பாதி மக்கிய இலையும் வேரும் அடுக்கடுக்காகச் சேர்ந்து பீட் ஆகிறது. நம் நாட்டில் அது பெரும்பாலும் மரங்களிலிருந்து உண்டானது. ரிச்மண்ட் போன்ற குளிர்ப் பகுதிகளில் ஸ்பேக்னம் என்ற பாசியிலிருந்து. வேகம் என்ன தெரியுமா? பொதுவாக ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவு. உங்கள் அடிமட்ட அளவுகோல் 30 சென்டிமீட்டர். அந்த உயரத்துக்குப் பீட் சேர ஏறக்குறைய 300 ஆண்டுகள் ஆகும்.

பீட் மண் அமிலத்தன்மை கொண்டது. அதன் பிஎச் அளவு பெரும்பாலும் 4 அருகே இருக்கும். நடுநிலையான 7 உடன் ஒப்பிட்டால் வேறுபாடு மூன்று என்று தோன்றும். ஆனால் பிஎச் அளவில் ஒவ்வோர் எண்ணுக்கும் பத்து மடங்கு வேறுபாடு. ஆகவே ஹைட்ரஜன் அயனிகளின் செறிவு ஆயிரம் மடங்கு அதிகம். பெரும்பாலான காய்கறிகள் இதில் திணறும். அதனால்தான் இதைப் பாழ்நிலம் என்று பலர் ஒதுக்கினார்கள். ஆனால் கிரான்பெர்ரியும் புளூபெர்ரியும் அமில மண்ணைத்தான் விரும்பும்! ரிச்மண்டின் மற்ற பீட் நிலங்களில் கிரான்பெர்ரிப் பண்ணைகள் செழித்திருக்கின்றன. ஒரு பயிருக்குப் பாழ், இன்னொன்றுக்குப் பொன்.

அடுத்தது தண்ணீர். இதை நீங்களே கணக்கிடலாம். 55 ஹெக்டர் என்பது 550,000 சதுர மீட்டர். அதன்மேல் 50 மில்லிமீட்டர், அதாவது 0.05 மீட்டர் மழை பெய்தால் விழும் தண்ணீர்:

550,000 × 0.05 = 27,500 கன மீட்டர்

இதில் எவ்வளவு தரையில் ஊறும், எவ்வளவு வழிந்தோடும் என்பதை வடிகால் பொறியாளர்கள் "வழிந்தோடும் குணகம்" என்ற எண்ணால் குறிப்பார்கள். புல்வெளிக்கு 0.2 என்றும், கூரையும் தாரும் நிறைந்த குடியிருப்புக்கு 0.7 என்றும் எடுத்துக்கொள்வோம். புல்வெளியாக இருக்கும்போது வழிந்தோடுவது 5,500 கன மீட்டர். வீடுகள் வந்தபின் 19,250 கன மீட்டர். வேறுபாடு 13,750 கன மீட்டர். ஒலிம்பிக் நீச்சல் குளத்தின் கொள்ளளவு குறைந்தது 2,500 கன மீட்டர். ஐந்தரைக் குளத்துத் தண்ணீர் கூடுதலாக வடிகாலுக்குள் பாயும். தரை ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊரில், கடல் அலை ஏறியிருக்கும் நேரத்தில் அந்தத் தண்ணீர் தானாக ஓடாது. இறைத்துத்தான் ஆக வேண்டும்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்தக் கணக்கு எளிமைப்படுத்தியது. குளிர்கால மழையில் சதுப்பு ஏற்கெனவே நிரம்பியிருந்தால் அதுவும் தண்ணீரை வழியவிடும். நிரம்பிய பஞ்சு மேலும் உறிஞ்சாது. அதனால் பொறியாளர்கள் ஒரே எண்ணை வைத்துக்கொண்டு வாதாட மாட்டார்கள். பருவத்துக்கு ஏற்ப மாற்றிப் பார்ப்பார்கள். நம் ஊரில் இதே வேலையைச் செய்வது நெல்வயல். வரப்புக்குள் 10 சென்டிமீட்டர் தண்ணீர் நின்றால் ஒரு ஹெக்டர் வயல் 1,000 கன மீட்டரைப் பிடித்து வைத்திருக்கிறது. கெடாவில் வயல் அழிந்து தாமான் வரும்போது அந்த ஆயிரத்துக்கும் வேறோர் இடம் தேட வேண்டும். புதிய தாமான்களின் ஓரத்தில் வேலி போட்ட குளம் ஒன்றைப் பார்த்திருப்பீர்களே, "கோலாம் தாகோங்கான்" என்ற பலகையோடு? அது இதற்காகத்தான்.

மூன்றாவது கணக்கு கரிமம். பீட் நிலங்கள் உலகின் தரைப்பரப்பில் சுமார் 3 விழுக்காடுதான். ஆனால் உலகக் காடுகளின் மரங்கள் எல்லாம் சேர்ந்து வைத்திருப்பதைவிட அதிகக் கரிமத்தைத் தங்களுக்குள் வைத்திருக்கின்றன. தண்ணீரை வடித்துவிட்டால் காற்று உள்ளே நுழையும். நூற்றாண்டுகளாகத் தூங்கிக் கிடந்த சிதைவு மீண்டும் தொடங்கும். கரிமம் கார்பன் டை ஆக்சைடாக வெளியேறும், நிலமே தாழும். தென்கிழக்காசியாவில் வடிக்கப்பட்ட பீட் நிலங்கள் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் தாழ்கின்றன. சேர்வது மில்லிமீட்டரில், இழப்பது சென்டிமீட்டரில்.

இன்னொன்றையும் நகர மன்றம் எடைபோட வேண்டியிருந்தது. இது போன்ற மென்மையான மண்ணில் அப்படியே வீடு கட்ட முடியாது. ஆழமாகத் தூண் இறக்க வேண்டும், அல்லது மணலை மலைபோல் குவித்து மாதக்கணக்கில் மண்ணை அமுக்கிக் கெட்டிப்படுத்த வேண்டும். மண்ணில் நீரும் காற்றும் வேரும் நுழையும் நுண்துளைகள் அப்போது நசுங்கிவிடும். வயலை ஒரு நாள் வீடாக்கலாம். வீட்டை இடித்து மீண்டும் வயலாக்குவதோ நடைமுறையில் யாரும் செய்யாத காரியம்.

நகர மன்றத்தின் ஆதரவோடு முதல் விண்ணப்பம் ஆணையத்துக்குப் போனது. 2006இல் ஆணையம் மறுத்தது. திட்டத்தைத் திருத்தி மறுபடி விண்ணப்பித்தார்கள். இதற்கிடையில் ஊரில் பெரும் விவாதம். நிலத்தைக் காக்கக் கோரியவர்களும் வீடு வேண்டும் என்றவர்களும் மன்றத்தின் முன் வந்து பேசினார்கள். 2009இல் ஆணையம் இரண்டாம் முறையும் மறுத்தது. இந்த மண்ணுக்கு விவசாய ஆற்றல் உண்டு, விவசாயத்துக்குத் தகுந்தது என்பதே முடிவின் அடிப்படை. இத்தனை காலம் யார் என்ன செய்தார்கள் என்பதை அது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மண்ணால் என்ன செய்ய முடியும் என்பதையே பார்த்தது.

அதன்பின் நடந்ததுதான் எனக்கு வியப்பு. எந்த மன்றம் நிலத்தை விடுவிக்கக் கேட்டதோ, அதே மன்றம் 2010இல் சுமார் 59 மில்லியன் கனடிய டாலர் கொடுத்து முழு நிலத்தையும் நகரத்துக்காக வாங்கியது. இன்று அதன் ஒரு பகுதியில் குவாண்ட்லன் பல்கலைக்கழக மாணவர்கள் விவசாயம் கற்கிறார்கள். மற்றொரு பகுதி சதுப்பாகவே விடப்பட்டிருக்கிறது. இங்கேயும் ஒரு சிக்கல்: பயிருக்கு நீர்மட்டம் தாழ்வாக இருக்க வேண்டும், இல்லையென்றால் வேர் மூச்சுத் திணறும். சதுப்புக்கோ நீர்மட்டம் உயர்வாக இருக்க வேண்டும், இல்லையென்றால் பீட் சிதையும். அதனால் இரண்டுக்கும் நடுவே ஒரு கரை எழுப்பி நீரைப் பிரித்து வைத்திருக்கிறார்கள். வீட்டுத் தேவை மட்டும் தீரவில்லை. ரிச்மண்டில் வீட்டு விலை இன்றும் சாதாரணக் குடும்பங்களுக்கு எட்டாத உயரத்தில்தான் இருக்கிறது. காக்கப்பட்ட 55 ஹெக்டருக்கு ஊர் கொடுக்கும் விலையில் இதுவும் ஒரு பங்கு என்று சிலர் சொல்கிறார்கள். அதை ஒரேயடியாகத் தள்ளிவிட என்னால் முடியவில்லை.

நம் தீபகற்ப மலேசியாவில் வழி சற்று வேறு. 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டப்படி நில உரிமைப் பத்திரத்தில் விவசாயம், கட்டடம், தொழில்துறை என்று மூன்று பயன்பாட்டு வகைகள் உண்டு. வகையை மாற்ற மாநில அரசின் ஒப்புதல் வேண்டும். கட்ட வேண்டுமானால் நகராண்மைக் கழகத்தின் திட்ட அனுமதியும் வேண்டும். தாத்தா பெயரில் கம்பத்தில் நிலம் இருந்தால் அந்த கெரானை வாங்கிப் பாருங்கள். எந்த வகை என்று அதிலேயே அச்சிட்டிருக்கும்.

செய்து பாருங்கள்: அடியில் சில துளைகள் இட்ட இரண்டு பிளாஸ்டிக் தட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் ஒரே அளவு தோட்டமண் நிரப்புங்கள். ஒன்றின் மேல் புல்லோடு கூடிய மண்ணை வையுங்கள். மற்றொன்றின் மேற்பரப்பில் முக்கால் பகுதியை நெகிழித் தாளால் மூடுங்கள். அதுதான் உங்கள் தாமான். இரண்டையும் ஒரே அளவு சாய்த்து, பூவாளியால் 500 மில்லிலிட்டர் தண்ணீரை ஒரே வேகத்தில் ஊற்றுங்கள். மேலே வழிந்து விளிம்பில் கொட்டும் நீரைக் கிண்ணத்தில் பிடித்து அளந்து, 500 ஆல் வகுத்தால் உங்கள் வழிந்தோடும் குணகம் கிடைக்கும். பிறகு ஈரம் காயாத அதே தட்டுகளில் உடனே இன்னொரு 500 மில்லிலிட்டர் ஊற்றி மறுபடி அளந்து பாருங்கள். இரண்டாம் முறை புல் தட்டின் எண் ஏன் மாறுகிறது?