தரைக்கீழ் நீரில் நைத்திரேற்று: யாழ்ப்பாணக் குடாநாடு

மாணவர்களே,

கிணற்று நீரில் நைத்திரேற்று கூடினால் என்ன செய்யலாம் என்று வினவினால், உங்களிற் பலர் "கொதிக்கவைத்து ஆறவைத்துக் குடிக்கலாம்" என எழுதுகிறீர்கள். கொதிக்கவைத்தால் கிருமிகள் அழியும், நைத்திரேற்று அழியாது. கணக்கைப் பாருங்கள். லீற்றருக்கு 40 மி.கி. நைத்திரேற்றுக் கொண்ட 2 லீற்றர் நீரில் மொத்தம் 80 மி.கி. உண்டு. அது கொதித்து 1½ லீற்றராக வற்றினால், லீற்றருக்கு ஏறத்தாழ 53 மி.கி. ஆகிவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் எல்லை 50 மி.கி. ஆகும். நல்ல நீரையே எல்லை தாண்ட வைத்துவிட்டோம்!

இது எங்கிருந்து வருகிறது? குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. குடிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் தரைக்கீழ் நீரையே. அதன் அடியில் இருப்பது மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல். வெடிப்புகளும் துவாரங்களும் நிறைந்த பாறை. வலிகாமத்துச் செம்மண் தோட்டங்களில் வெங்காயம், புகையிலை, மிளகாய்க்கு இடும் யூரியா மண்ணில் நைத்திரேற்றாக மாறுகிறது. இது மறையேற்ற அயன் என்பதால் மண் துணிக்கைகள் இதனைப் பெரிதும் பிடித்து வைப்பதில்லை. பயிர் எடுத்தது போக மிஞ்சியது மாரி மழையோடும் இறைத்த நீரோடும் கீழே இறங்குகிறது. இரசாயனப் பசளையை மட்டும் எழுதிவிட்டு நிறுத்த வேண்டாம். அளவுக்கு மிஞ்சிய மாட்டெருவும், கிணற்றுக்கு அருகிலுள்ள மலக்குழியும் இதே வேலையைச் செய்கின்றன. நெருக்கமான சிறு காணிகளில் மலக்குழியே முக்கிய காரணமாக இருக்கலாம். குடாநாட்டில் எல்லை தாண்டிய கிணறுகள் பல, ஆய்வுகளில் இனங்காணப்பட்டுள்ளன. கற்பிட்டியின் மணற்றரையிலும் இதே பிரச்சினை உண்டு.

நைத்திரேற்றுக்கு நிறமோ மணமோ இல்லை. எனவே "எங்கள் கிணறு நல்ல தண்ணீர்" என்று நாக்கால் தீர்மானிக்க முடியாது.

பெரிய ஆபத்து ஆறு மாதத்துக்குக் குறைந்த, புட்டிப்பால் குடிக்கும் குழந்தைக்கே. உடலில் நைத்திரேற்று, நைத்திரைற்றாக மாறும். அது ஈமோகுளோபினை மெதமோகுளோபினாக மாற்ற, குருதி ஒட்சிசனைக் காவும் ஆற்றலை இழக்கும். பெரியவர்களின் உடல் இதனை விரைவில் மீளச் சரிசெய்யும். சிசுவில் அதற்கான நொதியம் போதாது. உதடும் நகமும் நீலம் பாரிக்கும். கவனியாவிட்டால் மரணமும் நேரலாம். 1945இல் ஐக்கிய அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் வைத்தியர் கொம்லி, கிணற்று நீரில் கரைத்த பால்மா குடித்த குழந்தைகளில் இதனை அறிக்கையிட்டார். இதனை 'நீலக் குழந்தை நோய்' என்பர். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கு இந்த அபாயம் மிகக் குறைவு.

தீர்வுகளை எழுதும்போது நீரைப் பரிசோதித்தல், சிசுவின் பால்மாவுக்கு வேறு பாதுகாப்பான நீரைப் பெறுதல், பசளையைப் பயிரின் தேவைக்கேற்பப் பிரித்து இடுதல், மலக்குழியின் அடியையும் சுவரையும் நீர் கசியாதவாறு கட்டுதல் என்பவற்றை விளக்குங்கள். துணி வடியும் சாதாரண மணல் வடியும் உதவா. கரைந்த அயனை அகற்ற ஆர்.ஓ போன்ற முறை வேண்டும்.

பயிற்சி வினா: மழை பெய்தால் கிணற்று நீரில் நைத்திரேற்று ஐதாகும் என ஒரு மாணவன் கூறுகிறான். குடாநாட்டில் மழைக்குப் பின் அது கூடவும் கூடும். காரணம் தருக. (4 புள்ளிகள்)