சாவியை விற்க முன்னர் கயிற்றை இழுத்துப் பாருங்கள்

சிறிய பெற்றோல் எஞ்சின்களைத் திருத்தும் கடையொன்றை நடத்தி வருகிறேன். புல் வெட்டும் இயந்திரம், தண்ணீர்ப் பம்பு, ஜெனரேட்டர் என நாளாந்தம் பல வந்து சேரும். கயிறு இழுத்து இயக்கும் எஞ்சினுக்குச் சாவியால் இயங்கும் ஸ்டார்ட்டர் பூட்டித் தரும்படி கேட்பவர்களும் உண்டு. அந்த வேலையில் நான் விட்ட தவறொன்றையும் அது கற்றுத்தந்த வியாபாரப் பாடத்தையும் சிறு தொழில் செய்யும் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

பூங்கன்று வியாபாரம் செய்யும் வயதான வாடிக்கையாளர் ஒருவர், கிளைகளை அரைத்து உரமாக்கும் இயந்திரத்தைக் கொண்டுவந்தார். அதில் இருந்தது ஹொண்டா ஜீ.எக்ஸ். 160 எஞ்சின். "தம்பி, கயிறு இழுக்க தோள் ஏலாது. சாவியால ஸ்டார்ட் ஆகிற மாதிரி செஞ்சு தரேலுமா?" என்றார். "செய்யலாம் நானா" என்று அந்த இடத்திலேயே விலையும் சொல்லிவிட்டேன். கயிற்றை ஒரு தடவையாவது நான் இழுத்துப் பார்க்கவில்லை.

இந்த வேலைக்கு ஸ்டார்ட்டர் மோட்டார் மட்டும் போதாது. பல் வளையம் உள்ள பிளைவீல், சொலனொய்ட், சாவிப் பெட்டி, 12 வோல்ட் பெற்றரி ஆகியவையும் வேண்டும். பெற்றரி குறைந்தது 18 ஆம்பியர் மணி அளவுள்ளதாக இருக்க வேண்டும். எஞ்சின் ஓடும்போதே அது சார்ஜ் ஆக, பிளைவீலின் கீழ் சார்ஜ் கொயிலும் அதற்கான ரெக்டிபயரும் தேவை. எல்லாவற்றுக்கும் முன்னர், எஞ்சின் உடலில் ஸ்டார்ட்டர் மோட்டாரைப் பூட்டும் இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது இல்லாவிட்டால் வேலையை ஏற்காதிருப்பதே நல்லது.

பழைய பிளைவீலைச் சுத்தியலால் அடித்துக் கழற்றக் கூடாது. புல்லரைக் கொண்டு இழுக்க வேண்டும். புதியதைப் பூட்டும்போது சாய்வான தண்டு எண்ணெய்ப் பசையின்றித் துடைக்கப்பட்டு, சிறிய கீ சரியாக உட்கார வேண்டும். நட்டை 75 நியூட்டன் மீற்றர் அளவுக்கு இறுக்கி, இக்னிஷன் கொயிலுக்கும் பிளைவீலுக்கும் இடையில் 0.4 மில்லிமீற்றர் இடைவெளி விட வேண்டும். பெற்றரியில் நேர் வயரை முதலிலும் எதிர் வயரைக் கடைசியிலும் பூட்டுவதே முறை.

இவை அனைத்தையும் ஒழுங்காகவே செய்தேன். ஆனால் சாவியைத் திருப்பியதும் மோட்டார் பாதி சுற்றி முனகி நின்றது. பெற்றரியைக் குறை சொல்லி வேறொன்று மாற்றினேன். வயர்களையும் மாற்றினேன். 3 மணித்தியாலம் என்று நினைத்த வேலை 9 மணித்தியாலமாகியது.

கடைசியில் வால்வு மூடியைத் திறந்தேன். இந்த எஞ்சினில் ஸ்டார்ட் ஆகும் வேளையில் வெளியேற்று வால்வைச் சற்றே தூக்கி அமுக்கத்தைக் குறைக்கும் சிறு பொறிமுறை கேம் தண்டில் உண்டு. வால்வு இடைவெளி அளவுக்கு மீறிக் கூடினால் அந்தத் தூக்கல் வால்வைச் சென்றடையாது. முழு அமுக்கமும் கயிற்றை இழுப்பவரின் தோளில் விழும். குளிர்ந்த எஞ்சினில் உள்ளெடுக்கும் வால்வுக்கு 0.15, வெளியேற்று வால்வுக்கு 0.20 மில்லிமீற்றர் இடைவெளி இருக்க வேண்டும். இதில் அதைவிட மிக அதிகமாக இருந்தது. சரிசெய்ததும் மோட்டார் இலகுவாகச் சுற்றியது. கயிற்றையும் இழுத்துப் பார்த்தேன். அதுவும் இலகுவாகவே வந்தது.

அதாவது, அரை மணித்தியால வேலையோடு தீர்ந்திருக்கக்கூடிய விடயத்துக்கு ஒரு முழுத் தொகுதியையே விற்றிருந்தேன். சொல்லாமல் விட்டால் அவருக்குத் தெரிய வரப்போவதில்லை. ஆனாலும் உள்ளதைச் சொல்லி, தொகுதியைத் திரும்ப எடுப்பதாகவும் கூறினேன். சிறிது நேரம் யோசித்தவர், "இருக்கட்டும் தம்பி, தோள் எப்படியும் மோசம்தான்" என்றார். நான் கூலி எடுக்கவில்லை. அதன் பின்னர் அவர் அனுப்பி வைத்த வாடிக்கையாளர்கள் பலர்.

இதிலிருந்து நான் வகுத்துக்கொண்ட ஒழுங்குகள் வருமாறு:

1. வாடிக்கையாளர் கேட்கும் பொருளுக்கு விலை சொல்ல முன்னர், அவருடைய சிரமம் என்ன என்று பாருங்கள். பரிசோதனைக்கென ஒரு சிறு கட்டணத்தை முன்கூட்டியே சொல்லி அறவிடுவதில் தவறில்லை.

2. கூலியை மணித்தியாலக் கணக்கில் எழுதி வையுங்கள். 6,000 ரூபா கூலி பேசிய வேலை 3 மணித்தியாலத்தில் முடிந்தால் மணிக்கு 2,000 ரூபா. 9 மணித்தியாலம் சென்றால் ஏறத்தாழ 667 ரூபா மட்டுமே. உதிரிப்பாகத்தில் வைத்த இலாபமும் அந்த ஓட்டையால் போய்விடும்.

3. பொருளைக் கையளிக்கும்போது பாவிக்கும் முறையையும் சேர்த்துக் கொடுங்கள். சாவியை ஒரு தடவைக்கு 5 செக்கனுக்கு மேல் பிடிக்கக் கூடாது. அடுத்த முயற்சிக்கு முன்னர் 10 செக்கனாவது பொறுக்க வேண்டும்.

4. ஆபத்தையும் சொல்லுங்கள். கயிறு இழுக்கும் இயந்திரம் தவறுதலாக ஸ்டார்ட் ஆவது அரிது. சாவி போட்டதை ஒரு பிள்ளைகூடத் திருப்பிவிடும். அரைக்கும் வாயில் சிக்கிய கிளையை எடுக்க முன்னர் சாவியைக் கழற்றிச் சட்டைப்பையில் போடவும், பிளக் மூடியைக் கழற்றவும் வேண்டும் என்று இப்போது ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் நேரில் செய்து காட்டுகிறேன்.

வாடிக்கையாளருக்குத் தேவையற்றதை விற்றுப் பெறும் இலாபம் ஒரு தடவைக்குத்தான். "இது உங்களுக்குத் தேவையில்லை" என்று சொல்லும் கடைக்கோ அவர் திரும்பவும் வருவார்.