மாடிக் கிராதியின் வலிமை

கல்லூரி மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென்று சங்கத்து நண்பர்கள் கேட்டபோது, இலக்கியமும் சமயமும் எழுத வல்லார் பலர் இருக்கக் கட்டட வேலையிலே காலங் கழித்த யான் எதனை எழுதுவது என்று தயங்கினேன். அப்பொழுது, பொரளையில் யாம் வாழும் மாடி வீட்டிலே சென்ற ஆண்டு நிகழ்ந்த ஒன்று நினைவுக்கு வந்தது.

எட்டு வயதுப் பேர்த்தி பின்புறப் பல்கனியில் நின்று, கொடியிலிருந்து நழுவிய துணியைப் பற்றுவதற்காகக் கிராதியின்மேற் சாய்ந்தாள். கிராதியின் நடுக்கால் அடியோடு பெயர்ந்து வெளிப்புறமாகச் சரிந்தது. அருகில் நின்ற என் மனைவி பிள்ளையின் சட்டையைப் பற்றி இழுத்தமையால் விபரீதம் ஒன்றும் நேரவில்லை. பெயர்ந்த காலைத் திருப்பிப் பார்த்தேன். மேலே குழாய் கண்ணாடிபோற் பளபளத்தது. கீழே அடித்தகட்டின் நான்கு ஆணிகளுள் இரண்டு துருவாகி உதிர்ந்திருந்தன. மற்றை இரண்டும் தரையோட்டையும் அதன் கீழுள்ள சாந்தையும் மாத்திரமே பற்றியிருந்தன. நான்கு ஆண்டுகளுக்கு முன் அதனைப் பொருத்தியபோது யானே அருகில் நின்றேன். குழாயின் மினுக்கத்தைத் தடவிப் பார்த்தேனேயன்றி, ஆணியின் நீளத்தைக் கேட்டேனல்லேன். அத்தவற்றினாற் கற்ற பாடத்தையே இங்கு எழுதுகின்றேன்.

உயரமும் இடைவெளியும்

இங்கிலாந்தின் கட்டட விதிகள் வீட்டு மாடிப்படியின் கிராதிக்கு 900 மில்லிமீற்றரும், பல்கனிக்கு 1100 மில்லிமீற்றரும் குறைந்த அளவாக விதிக்கின்றன. பின்னையது ஏறத்தாழ மூன்றடி ஏழங்குலம். நின்ற மனிதன் ஒருவன் தள்ளுண்டாலும் அவன் உடலின் பாரமையம் கிராதிக்கு மேலே செல்லலாகாது என்பதே அவ்வுயரத்தின் நோக்கம். கம்பிகளுக்கு இடையே 100 மில்லிமீற்றர் விட்டமுள்ள பந்தொன்று நுழையலாகாது என்பது மற்றொரு விதி. குழந்தையின் உடல் நுழையும் இடைவெளியில் தலை நுழையாது சிக்கிக்கொள்ளும் ஆபத்தை எண்ணியே இவ்வளவு வகுக்கப்பட்டது.

இக்காலத்துத் தொடர்மாடி வீடுகளிலே படுக்கைக் குழாய்கள் நிரையாக அமைந்த கிராதிகள் மிகுதி. பார்வைக்கு அவை நேர்த்தியானவை; சிறு பிள்ளைக்கோ அவை ஏணிப்படிகள். பிள்ளைகள் உள்ள வீட்டில் நிமிர்ந்த கம்பிகளே தக்கவை. படியிற் பிடிக்கும் கைபிடி 32 முதல் 50 மில்லிமீற்றர் வரை பருமனுள்ள உருண்டையாயின், முதியோர் விரல்கள் அதனைச் சுற்றி இறுகப் பற்றும். அகன்ற பலகையை உள்ளங்கையால் அழுத்தலாம். கால் தவறும்போது பற்றல் இயலாது.

உலோகத்தைத் தெரிதல்

கொழும்பிலே உலோகத்தின் ஆயுளைக் கடற்காற்றே பெரிதும் வரையறுக்கின்றது. வெள்ளவத்தையிலே புகையிரதப் பாதைக்கு அப்பால் அலை மோதுகின்றது. மே மாதம் முதல் செப்ரெம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று உப்புத் துளிகளை நேரே பல்கனிக்குள் கொணர்கின்றது. கொட்டாஞ்சேனையும் துறைமுகத்தை அடுத்தது. பொரளைச் சந்தியோ கடற்கரையிலிருந்து ஏறத்தாழ மூன்றரைக் கிலோமீற்றர் உள்ளே உள்ளது. கரையிலிருந்து விலக விலக உப்பு விரைவிற் குறைந்துவிடும். ஆதலால் பொரளையிற் பல்லாண்டு நிற்கும் பொருள் வெள்ளவத்தையிலே சில ஆண்டுகளிற் கெடுதல் வியப்பன்று.

துருவேறா உருக்கில் 304 என்னும் இனத்திலே குரோமியம் நூற்றுக்குப் பதினெட்டும் நிக்கல் எட்டும் அளவிலே உள்ளன. 316 என்னும் இனத்தில் இவற்றோடு மொலிப்தனம் நூற்றுக்கு இரண்டளவிற் சேர்கின்றது. உப்பின் அரிப்பை எதிர்ப்பது அதுவே. ஆகவே கரையோர வீட்டுக்கு 316-ஐயே கொள்க. பொரளை போன்ற இடத்துக்கு 304 போதும். பழைய சோனகத் தெருவிற் பொருள் வாங்கச் செல்வோர் சிலர் காந்தமொன்றைச் சட்டைப்பையில் எடுத்துச் செல்வர். காந்தம் ஒட்டாதது நல்ல உருக்கு என்பது அவர் எண்ணம். நிக்கலைக் குறைத்து மங்கனீசைச் சேர்த்த 201 என்னும் மலிந்த இனத்திலும் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. எனவே காந்தம் இம்மூன்றையும் பிரித்துக் காட்டாது. ஆலையின் சான்றிதழைக் கேட்டு வாங்குவதே வழி.

நாகம் பூசிய இரும்புக் குழாயும் தக்கதே. ஆயினும் அதனைச் சூடாக்கி ஒட்டுமிடத்தில் நாகப் பூச்சு எரிந்துபோம். அவ்விடத்தை நன்கு சுரண்டி, நாகம் மிகுந்த வர்ணம் பூசாவிடின் துரு அங்கேயே தொடங்கும்.

பொருத்தும் முறை

கல்லூரியிற் படித்த நெம்புகோல் விதியை இங்கு நினைவுகூர்க. 1100 மில்லிமீற்றர் உயரமான காலொன்றின் உச்சியை ஒருவர் 50 கிலோகிராம் எடைக்கு ஒப்பான விசையுடன் வெளிநோக்கித் தள்ளுவதாகக் கொள்வோம். தகட்டின் வெளிவிளிம்பு சுழலிடமாகும். உட்புற ஆணிகள் அதிலிருந்து 100 மில்லிமீற்றர் தொலைவில் உள்ளன. உயரம் அத்தொலைவின் பதினொரு மடங்கு. ஆகவே உட்புற ஆணிகள் தாங்கவேண்டிய இழுவிசை 550 கிலோகிராம் எடைக்கு ஒப்பாகும். ஆணி இரண்டாயின் ஒவ்வொன்றுக்கும் 275. மேலே மென்மையாகத் தோன்றும் தள்ளல் அடியிலே இவ்வளவாகப் பெருகுகின்றது.

இத்துணை இழுவையைத் தரையோடும் சாந்தும் தாங்கமாட்டா. ஓடும் சாந்தும் சேர்ந்து இரண்டங்குலம் இருக்குமாயின், இரண்டரை அங்குல ஆணியின் நுனி மாத்திரமே கொங்கிறீற்றைத் தொடும். எங்கள் வீட்டில் நேர்ந்தது இதுவே. ஓட்டையும் சாந்தையும் கழித்து, கொங்கிறீற்றுக்குள் எத்துணை ஆழம் செல்கின்றதென்று கேட்பதே கேள்வி. துளை விளிம்புக்கு மிக அருகில் இருப்பின் கொங்கிறீற்று துண்டாக உடையும். துளையிட்ட தூளைத் தூரிகையாலும் காற்றாலும் அகற்றிய பின்னரே பசையை இடுதல் வேண்டும். தூள் மிகுந்திருப்பின் பசை தூளைப் பற்றுமேயன்றிச் சுவரைப் பற்றாது.

ஆணியும் தகட்டின் இனத்தைச் சேர்ந்ததாதல் வேண்டும். துருவேறா உருக்குத் தகட்டிலே நாகம் பூசிய சாதாரண ஆணியை இட்டு, இடையே மழைநீர் தங்குமாயின், அவ்விரு உலோகங்களும் மின்கலம்போல் இயங்கிச் சிறிதாகிய ஆணியை அரித்துவிடும். எங்கள் ஆணிகள் இரண்டு உதிர்ந்தமைக்குக் காரணம் இதுவே. தகட்டின் ஓரத்தை நீர் புகாவண்ணம் அடைத்தலும், குழாயின் அடியில் உள்நீர் வடியச் சிறு துளை விடுதலும் நன்று.

மறைவிடத்து நீர் மரத்தையும் விடாது. 2015ஆம் ஆண்டு யூன் மாதத்தில் கலிபோர்னியாவின் பேர்க்கிளி நகரில் பல்கனி ஒன்று முறிந்து, பிறந்தநாள் கொண்டாடிய மாணவர் அறுவர் மாண்டனர். நீர் தங்கியதால் உள்ளிருந்த மரவுத்திரங்கள் உளுத்திருந்தமை பின்னர் வெளியாயிற்று.

பேணல்

கரையோர வீட்டார் மாதம் ஒருமுறையேனும் கிராதியை நன்னீரால் கழுவுதல் வேண்டும். மேற்பரப்பிற் காணும் தேநீர் நிறக் கறை உப்புப் படிந்தமையின் அறிகுறி. ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு காலையும் இரு கைகளாலும் பற்றி அசைத்துப் பார்க்க. அடியில் அசைவோ, துருநீர்க் கோடோ, கொங்கிறீற்றில் வெடிப்போ தோன்றின் அன்றே அவ்விடத்தைத் தடுத்துவிட்டுப் பழுது பார்ப்பிக்க. துரு, தான் உண்ட இரும்பைப் பார்க்கிலும் பன்மடங்கு இடங்கொள்ளும். அதனாலேயே கொங்கிறீற்று வெடிக்கின்றது.

எம்முடன் படித்தோர் பலர் இன்று கைபிடியைப் பற்றிப் படியேறும் வயதை அடைந்துவிட்டோம்; எம் பேரப்பிள்ளைகள் அதே கிராதியிற் சாய்ந்து தெருவை வேடிக்கை பார்க்கின்றனர். மேலே உள்ள மினுக்கத்தைக் கடைக்காரர் காட்டுவார். அடியிலுள்ள ஆணியை நாமே குனிந்து பார்த்தல் வேண்டும். யான் நான்கு ஆண்டு பிந்திக் குனிந்தேன். இதனைப் படிக்கும் நண்பர்கள் இன்று மாலையே குனிந்து பார்ப்பார்களாயின், இக்கட்டுரை எழுதிய பயனை அடைந்தவனாவேன்.