பழைய கார் லெதர் சீட்: பிரிச்சுத் தைக்கிறதா, கலர் ஏத்துறதா? லேப் டிப் தெரிஞ்சவங்களுக்கு ஒரு கணக்கு



பழைய கார் பராமரிப்புச் செலவு பத்தின நம்ம வீடியோவைப் பார்த்துட்டு கொமரலிங்கத்துல இருந்து ஒரு நண்பர் கூப்பிட்டார். திருப்பூர்ல ஒரு சாயப்பட்டறை லேப்ல வேலை. 2012 மாடல் செடான் ஒண்ணு, செகண்ட் ஹேண்டா நாலரை லட்சத்துக்கு எடுத்திருக்கார். பீஜ் கலர் லெதர் சீட். டிரைவர் சீட்டோட கதவுப் பக்க ஓரம் தேய்ஞ்சு வெளுத்து, அங்கங்க வெடிப்பு விட்டிருக்கு. மொத்த சீட்டையும் பிரிச்சுப் புதுசா தைக்க கடையில 62,000 ரூபாய் சொல்லியிருக்காங்க. "சீட்டு ஒண்ணு இருக்குங்ணா, இந்த மாசமே தள்ளி எடுத்துரலாமா?"ன்னு கேட்டார். கார் சீட்டு இல்லைங்க, ஏலச்சீட்டு. ஜூன்ல பொண்ணுக்கு காலேஜ் ஃபீஸ் கட்டறதுக்குன்னு போட்டுட்டு வர்ற சீட்டு.

எடுக்காதீங்கன்னு சொன்னேன். காரணம் ரெண்டு. ஒண்ணு பணக் கணக்கு. இன்னொண்ணு, அந்த சீட்டுக்கு வேண்டிய வேலை அவர் தினமும் லேப்ல பண்ற வேலைதான்.

தேய்ஞ்சது தோல் இல்லைங்க

கார் சீட் லெதர்ல பெரும்பாலும் நாம தொடறது தோலையே இல்லை. தோலுக்கு மேல பிக்மென்ட் கலந்த கலர் கோட், அதுக்கு மேல ஒரு கிளியர் கோட் இருக்கும். ஆம்பூர், ராணிப்பேட்டை, ஈரோடு, திண்டுக்கல்னு நம்ம ஊர்த் தோல் ஷாப்புகள்ல பதனிட்டு முடிச்ச தோலுக்குக் கடைசியா நடக்கிற ஃபினிஷிங் வேலை இது. ஏறி இறங்கும்போது உராய்ஞ்சு உராய்ஞ்சு முதல்ல போறது இந்த மேல் கோட்தான். அடியில தோல் நல்லா இருந்தா, போன கோட்டைத் திரும்ப ஏத்தினாப் போதும். சுவத்துல பெயின்ட் போச்சுன்னு சுவத்தையா இடிப்போம்?

உங்க சீட் நிஜமாவே லெதரான்னு முதல்ல பாருங்க. "லெதர் சீட்"னு விக்கிற நிறைய கார்ல இருக்கறது பிவிசி இல்லைன்னா பியூ. சீட்டுக்கு அடியில மடிச்சுத் தைச்ச ஓரத்தைத் திருப்பிப் பாருங்க. பின்பக்கம் சொரசொரன்னு நார் நாரா இருந்தா தோல். துணி ஒட்டியிருந்தா ரெக்சின் வகை. அதுக்கும் கலர் ஏத்தலாம், ஆனா அதுக்கு உண்டான பிரைமரும் கலரும் வேற.

அடுத்து, மறைவான இடத்துல ஒரு சொட்டுத் தண்ணி வைங்க. உருண்டு நின்னா கோட்டிங் உள்ள லெதர். உடனே உறிஞ்சிக் கறுத்தா கோட்டிங் இல்லாத அனிலின் வகை. அதுல வீட்டுல கை வைக்க வேண்டாம்.

கழுவாம ஷேடு பார்க்காதீங்க

ஹெட்ரெஸ்ட்ல தேங்காய் எண்ணெய், கை வைக்கிற இடத்துல வியர்வை, உட்கார்ற இடத்துல ஜீன்ஸ் சாயம். பன்னெண்டு வருஷ அழுக்கு சேர்ந்து, பீஜ் சாம்பல் பழுப்பா தெரியும். அதுக்கு மேட்ச் பண்ணினா நீங்க அழுக்குக்குத்தான் கலர் கலக்கறீங்க. லெதருக்குன்னு விக்கிற கிளீனர், மெல்லிசு பிரஷ், சுத்தமான பனியன் வேஸ்ட் துணி போதும். தோல் இயல்பா கொஞ்சம் அமிலத்தன்மை உள்ளது. சலவை சோடா, பாத்திரம் தேய்க்கிற சோப்பு பக்கம் போகாதீங்க. பெட்ரோல், தின்னரும் வேண்டாம். ஷூ பாலிஷ் போட்டா ரெண்டு நாள் பளபளப்பு, மூணாவது நாள் வேட்டில கறை. அதோட மெழுகு, பின்னாடி ஏத்தற கலரை ஒட்ட விடாது.

லேப் டிப் மாதிரியே

திருப்பூர்ல ஒரு ஆர்டருக்கு ஷேடு அப்ரூவல் எப்படி வாங்கறாங்க? முதல்ல சின்னதா லேப் டிப். லைட் பாக்ஸ்ல வெச்சு, பகல் வெளிச்சத்துக்கு டி65, கடை வெளிச்சத்துக்கு டிஎல்84, குண்டு பல்பு வெளிச்சம்னு மாத்தி மாத்திப் பார்ப்பாங்க. ஒரு லைட்ல ஒத்துப்போய் இன்னொரு லைட்ல பிரிஞ்சு நின்னா மெட்டாமெரிசம்னு சொல்லி ரிஜெக்ட். வேற வேற பிக்மென்ட் கலந்து ஒரே ஷேடு கொண்டு வந்தா இந்த வம்பு வரும். கார் சீட்டுக்கும் இதே விதிதான். பகல்ல வெளியில நிக்கிற வண்டி, ராத்திரி உள் லைட்ல வேற கலரா தெரியக்கூடாது.

கம்பெனி கோடு பார்த்து ரெடி கலர் வாங்கினா என்னன்னு கேட்பீங்க. சில கார்ல உள் அலங்காரக் கலருக்குத் தனிக் கோடு உண்டு. டொயோட்டா பிளேட்டுல "சி/டிஆர்"னு போட்டிருக்கும், பெயின்ட்டுக்கு அடுத்தது டிரிம் கோடு. ஆனா அது ஃபேக்டரியில இருந்து வந்த அன்னைக்கு இருந்த கலர். வெயில்ல இத்தனை வருஷம் நின்ன சீட் அந்தக் கலர்ல இருக்காது. ஹெட்ரெஸ்டைக் கழட்டி, கம்பி நுழையற இடத்தைச் சுத்திப் பாருங்க, பழைய கலர் தெரியும். ஒரு ஓரம் மட்டும் சரி பண்றதா இருந்தா இன்னைக்கு இருக்கிற கலருக்குத்தான் மேட்ச் பண்ணணும். மொத்த சீட்டுக்கும் ஏத்தறதா இருந்தா பழைய கலருக்கே போகலாம்.

கலக்கறது தண்ணி பேஸ் லெதர் கலர்ல. உள்ளூர்ல கிடைக்கலைன்னா ஆன்லைன்ல இருக்கு, சென்னைல பெரியமேடு தோல் வியாபாரத்துக்கே பேர் போன இடம். பீஜுக்கு வெள்ளைதான் பெரும்பங்கு. அப்புறம் மஞ்சள் ஆக்சைடு, கொஞ்சமே கொஞ்சம் சிவப்பு ஆக்சைடு, கறுப்பு ஊசி முனையளவு. கறுப்பும் மஞ்சளும் சேர்ந்தா பச்சை அடிக்கும், அதனால ஷேடைக் குறைக்க கறுப்பை விட பிரவுன் நல்லது. பச்சை அடிச்சுட்டா சிவப்பு ஒரு துளி. ஒவ்வொரு துளியையும் சின்ன டிஜிட்டல் தராசுல எடை போட்டு நோட்டுல எழுதுங்க. அடுத்த வருஷம் டச்சப் பண்ண ரெசிபி வேணுமில்ல?

ஈரத்துல பார்த்து முடிவு பண்ணவே கூடாது. இந்தக் கலர்ல இருக்கிற பைண்டர் ஈரமா இருக்கும்போது பால் மாதிரி வெளுப்பா இருக்கும், காய்ஞ்சா ஷேடு ஒரு படி டார்க் ஆகும். சீட் மேல செல்லோ டேப் ஒட்டி, அது மேல தடவி, ஹேர் டிரையர்ல காய வெச்சுப் பாருங்க. பிடிக்கலையா, உரிச்சுட்டு அடுத்தது. ஏழெட்டு டிப் ஆகும், பரவாயில்லை.

நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு ஒரு விஷயம். வண்டியைத் தென்னந்தோப்பு நிழல்ல நிறுத்தி மேட்ச் பண்ணாதீங்க. ஓலையில பட்டு வர்ற வெளிச்சம் பச்சை கலந்து வரும். நீலத் தார்ப்பாய் ஷெட்டும் அப்படித்தான். காலைல பத்து மணி வாக்குல திறந்தவெளி நிழல்ல ஒரு தடவை, ராத்திரி வண்டியோட உள் லைட்ல ஒரு தடவை பாருங்க. ரெண்டுலயும் ஒத்தா ஓகே.

எவ்வளவு கலந்தாலும் துளி வித்தியாசம் நிக்கத்தான் செய்யும். அதுக்கு ஒரு வழி இருக்கு: தேய்ஞ்ச இடத்துல மட்டும் தடவாம, தையல்ல இருந்து அடுத்த தையல் வரைக்கும் முழுத் துண்டுக்கும் ஏத்திருங்க. தையலுக்கு அந்தப் பக்கம் வெளிச்சம் வேற கோணத்துல விழும், அதனால சின்ன வித்தியாசம் கண்ணுக்குப் படாது. கிளியர் கோட்டும் மேட்டா வாங்குங்க. கலர் சரியா இருந்து பளபளப்பு மாறினாலே ஒட்டுப் போட்ட மாதிரி இருக்கும்.

மீதி வேலை வீடியோவுல முழுசா இருக்கு: ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால துடைச்சு எண்ணெய் எடுக்கிறது, வெடிப்புல லெதர் ஃபில்லரை மெல்லிசா ரெண்டு மூணு தடவை வெச்சு வாட்டர் பேப்பர்ல தேய்க்கிறது, கலரை ஸ்பாஞ்ச்ல தொட்டுத் தொட்டு நாலஞ்சு மெல்லிய கோட், கடைசியா கிளியர். நல்லா காய்ஞ்ச பிறகு ரப்பிங் டெஸ்ட். வெள்ளைப் பனியன் துணியால அழுத்தி 10 தடவை, முதல்ல காய்ஞ்ச துணி, அப்புறம் ஈரத்துணி. துணில கலர் வந்தா இன்னும் உட்காரக் கூடாது.

இப்ப பணம்

நண்பரோட கணக்கையே எடுத்துப்போம். கடை ரேட் 62,000. புது சீட்டுக்காக விக்கும்போது 15,000 கூட வருதுன்னே வைங்க, நிகரச் செலவு 47,000. சீட்டு ஒரு லட்சம். ஜூன் வரைக்கும் பொறுத்தா 8,000 தள்ளுபடில கிடைக்கும்னு அவர் எதிர்பார்க்கறார். இப்பவே எடுத்தா 20,000 தள்ளணும். ஆக அவசரத்துக்கு விலை 12,000. மொத்தம் 59,000. இன்னும் 36 மாசம் வண்டியை வெச்சிருந்தா மாசம் சுமார் 1,640 ரூபாய். உட்கார்றதுக்கு மட்டும்!

கலர் ஏத்தற வழியில அவர் போட்ட பட்ஜெட் 5,500, ரெண்டு ஞாயித்துக்கிழமை உழைப்பு. வருஷம் ஒரு டச்சப் 500னு மூணு வருஷத்துக்கு 1,500. மொத்தம் 7,000. ரீசேல்ல ஒரு பைசா கூட வராதுன்னு வெச்சாலும் மாசம் 195 ரூபாய்க்குள்ள. கை வரலைன்னு வெளிய ஆள் வெச்சு 12,000 கொடுத்தாலும் மாசம் 333தான். உங்க ஊர் ரேட்டைப் போட்டு நீங்களே கணக்குப் பாருங்க.

இன்னொண்ணும் இருக்கு. 2012 மாடல்னா 2027ல ஆர்சிக்கு 15 வருஷம் முடியுது. காருக்குப் புதுப்பிப்புக் கட்டணமே 2022 ஏப்ரல்ல 600ல இருந்து 5,000 ஆயிடுச்சு. எஃப்சிக்குப் போகும்போது டயர், பிரேக், சஸ்பென்ஷன்னு செலவு வரும். பார்க்கிறவங்களுக்கு சீட் தெரியும், எஃப்சில பிரேக்தான் தெரியும்.

எல்லா சீட்டுக்கும் இது செல்லாது. தோலே கிழிஞ்சு ஸ்பாஞ்ச் வெளிய வந்திருந்தா, தையல் இத்துப்போயிருந்தா, கலர் வேலை வீண். அந்த ஒரு துண்டை மட்டும் பிரிச்சு மாத்தச் சொல்லுங்க. முழுசா மாத்தணும்னு கடையில சொன்னா இன்னொரு கடை பாருங்க. சீட் பக்கவாட்டுல ஏர்பேக்னு சின்ன டேக் இருந்தா, அந்தத் தையல் மேல ஃபில்லர், பசை எதுவும் வைக்காதீங்க. விபத்துல அந்தத் தையல் பிரிஞ்சுதான் ஏர்பேக் வெளிய வரணும். கவர் மாட்டி இறுக்கித் தைக்கிறதும் அதே ஆபத்து.

இனி செகண்ட் ஹேண்ட் பார்க்கப் போறவங்களுக்கு. மீட்டர் 38,000 கிலோமீட்டர்னு காட்டுது, டிரைவர் ஓரம் வெடிச்சுக் கிடக்குன்னா மீட்டர் மேல சந்தேகப்படுங்க. ஓரம் புதுசு மாதிரி இருக்குன்னாலும் சும்மா விட்டுடாதீங்க, யாரோ கலர் ஏத்தியிருக்கலாம். ஈரமான வெள்ளைத் துணியால ஓரத்துல தேய்ச்சுப் பாருங்க, ஹெட்ரெஸ்டைக் கழட்டிப் பாருங்க. துணில கலர் வந்தாலோ, கம்பிக்கிட்ட இருக்கிற கலரும் சீட் கலரும் வேறயா இருந்தாலோ சர்வீஸ் ரெக்கார்டு கேளுங்க. அதுல ஒவ்வொரு சர்வீஸுக்கும் ஓடின கிலோமீட்டர் இருக்கும். ரெக்கார்டு இல்லைன்னா, வண்டி லட்சம் ஓடியிருக்குன்னு வெச்சே விலை பேசுங்க.