விளக்கு ஏன் மினுக்கவில்லை?

கண்ணாத்தாள் கோயில் திருவிழா சீரியல் லைட் மாதிரி மினுக்கணும்னு அறிவியல் கண்காட்சிக்கு நான் வச்ச எல்.இ.டி. அணையாம எரிஞ்சுக்கிட்டே நின்னதை எல்லாரும் பார்த்தீங்க. சிரிச்சவங்களும் உண்டு. காரணத்தை இங்கே எழுதுகிறேன்.

அதில் இருந்தது 8051 வகை மைக்ரோகண்ட்ரோலர். 1980-ல் இன்டெல் கொண்டுவந்தது. இன்டெல் நிறுத்திவிட்டாலும் அதே மாதிரி சிப்பை வேறு கம்பெனிகள் இன்றும் செய்கின்றன. அதற்கு எண் மட்டும்தான் புரியும். 178, 144 என்றால் ‘விளக்கின் நிலையை மாற்று’. 128 என்றால் ‘தாவு’. எவ்வளவு தூரம் என்பது அடுத்த எண்.

என் புரோகிராம் மொத்தமே 12 எண்தான். விளக்கை மாற்று, கொஞ்சம் காத்திரு, திரும்ப முதலுக்குத் தாவு. நோட்டில் நானே எண்ணி எழுதினேன். 0-லிருந்து எண்ணினால் ‘தாவு’ இருப்பது 10-ஆம் இடம். அதனால் பின்னால் 10 போகணும்னு நினைத்தேன். பின்னால் போவதை 256-லிருந்து கழித்து எழுதணும். 246 என்று எழுதிவிட்டேன். அங்கேதான் தப்பு! சிப் அந்தக் கட்டளையைப் படித்து முடித்ததும் 12-ஆம் இடத்தில் நிற்கும். அங்கிருந்துதான் தூரத்தை எண்ணும். 244 வரணும். என் கணக்கால் அது 2-ஆம் இடத்துக்குப் போய், விளக்கை மாற்றும் கட்டளையை விட்டுவிட்டு, சும்மா காத்திருந்து காத்திருந்தே சுற்றியது.

இந்தக் கணக்கை நமக்காகச் செய்வது அசெம்ப்ளர். பாலிடெக்னிக் படிக்கும் எங்க அண்ணன் ‘ஃபாஸ்ம்ஜி’ என்று ஒன்றைக் காட்டினான். போலந்துக்காரர் தோமாஷ் கிரிஷ்தார் எழுதியது. வேடிக்கை என்னன்னா, இதற்குத் தானாக எந்தச் சிப்பின் கட்டளையும் தெரியாது. மேக்ரோ எழுதி நாமதான் சொல்லித் தரணும்.

மேக்ரோன்னா என்ன? எங்க அப்பத்தா ‘தாளிச்சுக் கொட்டுடி’ என்று ஒரே வார்த்தைதான் சொல்லும். எண்ணெய் காயணும், கடுகு வெடிக்கணும், உளுந்து சிவக்கணும், கருவேப்பிலை கிள்ளிப் போடணும், எல்லாம் அதுக்குள்ளே அடக்கம். ‘வெங்காயம் போட்டுத் தாளி’ என்றால் வார்த்தை அதேதான், பொருள் ஒன்று கூட.

‘தாவு’ மேக்ரோவும் அப்படித்தான். முதலில் 128 எழுது. பிறகு போகிற இடத்திலிருந்து அடுத்த கட்டளையின் இடத்தைக் கழித்து எழுது. பின்னால் 128, முன்னால் 127, அதற்கு மேல் தாவ முடியாது. மீறினால் பிழை காட்டு என்று ஒரு வரி கட்டாயம் வேணும். அண்ணன் அதை மறந்துட்டான், நான்தான் சேர்த்தேன்!

சென்னை ஐ.ஐ.டி.யின் ‘சக்தி’ சிப் ஒன்று 2018-ல் சண்டிகரை அடுத்த மொகாலியில் தயாரானது. அதற்கு ரிஸ்க்-ஃபைவ் கட்டளைகள். அடிப்படைக் கட்டளை ஒவ்வொன்றும் 4 பைட்; 8051-லோ 1 முதல் 3 வரை. அதற்கும் இதே அசெம்ப்ளர் போதும், மேக்ரோ ஃபைலைத்தான் மாற்றணும்.

இன்னொன்று, 0 முதல் 255 வரை உள்ள எண்களில் 165-ஐ மட்டும் 8051-ல் எந்தக் கட்டளைக்கும் கொடுக்காமல் விட்டிருக்கிறார்கள்.

இப்போ 244 போட்டாச்சு. செகண்டுக்கு ஏழு தடவைக்கு மேல் விளக்கு மாறுது. சயின்ஸ் ரூம் ஜன்னல் பக்கம் வச்சிருக்கேன், சிரிச்சவங்க முதல்ல வாங்க.

- 9-ஆம் வகுப்பு மாணவி