சிரிக்கும் படக்கூடம்



திருமண விருந்துகளில் பொய்மீசை ஒட்டிப் படமெடுத்துக்கொள்ளும் சிறு கூடத்தை அறிவீர்கள். அனத்தோல் ஜோசப்போ என்பவர் 1925-இல் நியூயார்க்கில் தானியங்கிப் படக்கூடம் திறந்தார். 25 சென்டுக்கு 8 படங்கள்!

மலாயாவில் நம்மவர் பலருக்குப் படம் வேறுவகையாய் வந்தது. 1948-இல் அவசரகாலம் பிறந்ததும் 12 வயது நிரம்பியோர் அனைவரும் அடையாள அட்டைக்காகப் புகைப்படம் எடுத்து, பெருவிரல் ரேகையும் பதிக்கவேண்டியதாயிற்று. கொழுந்து கிள்ளிய பாட்டிமார் சிலருக்கு அதுவே முதற்படம். அதில் சிரிப்பேது?

தோட்டத்து விழாவில் கூடம் அமைக்க வெள்ளைத்துணி, விளக்கு, கைப்பேசி, சிறு அச்சுப்பொறி போதும். கேமரன் மலைப்பனியில் தாள் ஈரமாகும், தகரப்பெட்டியில் மூடிவையுங்கள். பொய்மீசையைவிடப் பழைய கொழுந்துக்கூடையே நமக்கு உகந்தது. முதியோரை முதலில் அமர்த்துங்கள். படத்தின் பின்புறம் பெயரும் ஆண்டும் எழுதிக்கொடுங்கள்.